அபராதம் கட்டியாயிற்று, நகையை இழந்தவருக்கு என்ன பதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்து ஓரத்தில் அடிக்கடி ஒரு பொடிச் செய்தி வரும். இன்ன வங்கிக்கு இத்தனை லட்சம், இன்ன நிதி நிறுவனத்துக்கு இத்தனை லட்சம் என்று ரிசர்வ் வங்கி அபராதம் போட்ட செய்தி. நாலு வரிக்கு மேல் இருக்காது. பங்குச் சந்தைக்காரர்கள் பார்ப்பார்கள், மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்டுவதில்லை. மன்னார்குடியில் வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வெகுகாலம் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன். உரைகல்லும் தராசுமாகவே வாழ்ந்த குடும்பம். கண் மங்கியதும் தொழிலை விட்டேன். இந்தச் செய்திகளைப் படிப்பதை மட்டும் விடவில்லை.

அந்த நாலு வரிக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியின் அறிக்கை ஒன்று இருக்கும். என் பேத்தி அதைக் கைப்பேசியில் எடுத்துப் படித்துச் சொல்வாள். நிறுவனம் எதுவானாலும், குறை எதுவானாலும், அபராத அறிக்கையின் கடைசியில் ஒரு வாசகம் அநேகமாக மாறாமல் வரும். விதிகளைப் பின்பற்றுவதில் இருந்த குறைகளுக்காகவே இந்த நடவடிக்கை என்றும், அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களோடு செய்துகொண்ட பரிவர்த்தனையோ ஒப்பந்தமோ செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வது இதன் நோக்கமல்ல என்றும் அது சொல்லும்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த வாசகத்தால்தான்.

சட்டம் படித்தவர்கள் அதற்குக் காரணம் வைத்திருப்பார்கள். ரிசர்வ் வங்கி நீதிமன்றம் அல்ல. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 47ஏ பிரிவு அதற்கு அபராதம் விதிக்கத்தான் அதிகாரம் தருகிறதே தவிர, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் வழக்கையும் தீர்த்துவைக்க அல்ல. அபராத அறிக்கையை நீட்டி ஆயிரம் பேர் ‘கடனைக் கட்ட மாட்டேன்’ என்று நின்றால் வங்கி என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானதே. சரி, ஒப்புக்கொள்கிறேன். அடையாள ஆவணங்களைச் சரியாக வாங்கவில்லை, மோசடியைத் தாமதமாகத் தெரிவித்தார்கள் என்று போடும் அபராதங்களுக்கு அந்த வாசகம் பொருந்தும். நகைக்கடனுக்குப் பொருந்தாது. அங்கே ஆய்வாளர் கண்டுபிடிக்கும் குறை பெரும்பாலும் நகை வைத்தவரின் நஷ்டமாகவே இருக்கிறது. கணக்கில் ஒரு கிராம் குறைந்தால் அது யாரோ ஒருவருடைய ஒரு கிராம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நகையின் எடை என்பது தராசு காட்டும் எண். உண்மையில் அதில் பாதி கண்மதிப்பு. கல் வைத்த ஒரு ஆரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் 24 கிராம் காட்டுகிறது. வீட்டில் மூன்று பவுன் ஆரம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கல்லுக்கும், கல்லைப் பிடித்திருக்கும் அரக்குக்கும், உள்ளே ஏறியிருக்கும் அழுக்குக்கும் கழிக்க வேண்டும். அரக்கை உடைத்துப் பார்த்து நிறுக்க முடியாது, நகை கெட்டுவிடும். விரலால் தட்டி, திருப்பிப் பார்த்து, அனுபவத்தில் ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 1.4 கிராம் கழித்து 22.6 என்று எழுதுவார். இன்னொருவர் 3 கிராம் கழிப்பார். இரண்டு பேரையும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

தரமும் அப்படித்தான். உரைகல்லில் நகையால் ஒரு கோடு, பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தால் ஒரு கோடு, மேலே அமிலம் ஒரு சொட்டு. கோடு எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த நிறத்துக்குப் போகிறது என்று பார்த்து டச், அதாவது தங்கத்தின் சுத்தம், சொல்வோம். ஹால்மார்க் நகைக்கு 916 என்று முத்திரையே இருக்கும், சிக்கல் இல்லை. பாட்டி காலத்துச் சங்கிலிக்கு யார் முத்திரை போட்டார்கள்? 22 காரட் என்று எழுதுவதா, 20 என்று எழுதுவதா என்பது கல்லின் முன் உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கிறது.

அந்த ஆள் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்றவர்கள் வங்கி ஊழியர்கள் அல்ல. கடனுக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் கடன் வாங்குகிறவரிடம் பிடித்துத் தருவது. மதிப்பு தவறி வங்கிக்கு நஷ்டம் வந்தால் எங்கள் தலையில் விழும். அதனால் எங்கள் கை எப்போதும் கொஞ்சம் குறைத்தே எழுதும். தனியார் நிதி நிறுவனங்களில் பெரும்பாலும் கிளையில் உள்ள பிள்ளைகளே பார்க்கிறார்கள். அவர்களுக்கு மாதத்துக்கு இத்தனை லட்சம் கடன் கொடுக்க வேண்டும் என்று இலக்கு. அங்கே கை கூட்டி எழுதும். கூட்டி எழுதினால் சட்டம் அனுமதிக்கும் சதவீதத்துக்குள்ளேயே கூடுதல் கடன் கொடுத்துவிடலாம். கடன் வாங்குகிறவருக்கும் அப்போது சந்தோஷம்தான். விவகாரம் ஏலத்தில் வரும். ஏலத்துக்கு முன் மறுபடி மதிப்பிடுவார்கள். அப்போது கூட்டி எழுத யாருக்கும் ஆசை இருக்காது.

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண் ஒருத்தி என்னிடம் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று ஒரு தனியார் நிறுவனத்தில் ஆரத்தை வைத்தபோது கொடுத்த அடகுச் சீட்டு. நிகர எடை 22.6 கிராம். இன்னொன்று, வட்டி கட்ட முடியாமல் அது ஏலம் போன பிறகு வந்த கணக்கு. நிகர எடை 20.9. 1.7 கிராம் காணவில்லை. கிராம் 6,000 ரூபாய் என்று வைத்தாலும் 10,200 ரூபாய். “பெரியப்பா, நகை லாக்கருக்குள்ளேயே இளைச்சுப் போகுமா?” என்று கேட்டாள். கிளையில் போய்க் கேட்டதற்கு, முதலில் மதிப்பிட்டது வேறு ஆள், அவர் இப்போது இங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

இதற்கு ஓம்புட்ஸ்மன், அதாவது வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி, என்ற வழி இருக்கிறது. 2021-இல் ரிசர்வ் வங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாக்கியது. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், 30 நாள் பொறுக்க வேண்டும், பிறகு அங்கே போகலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள 14448 என்ற எண்ணும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். என் பேத்திதான் அந்தப் பெண்ணுக்குப் புகாரும் எழுதிக் கொடுத்தாள். ஆனால் எதை வைத்து நிரூபிப்பது? ஆரம் ஏலத்தில் எடுத்தவர் கைக்குப் போய், இந்நேரம் உருகிக் கட்டியாகியிருக்கும். முதல் எடை சரியா, இரண்டாம் எடை சரியா என்று காட்ட அவளிடம் அந்த இரண்டு தாளைத் தவிர எதுவும் இல்லை. ஒருவரிடம் இரண்டு தாள் இருந்தால் அது தகராறு. ஆயிரம் பேருடைய இரண்டு தாள்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் அது வழக்கமா, தற்செயலா என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கக்கூடியவர் நாட்டில் ஒருவர்தான், ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்.

அவர் பார்க்காமலும் இல்லை. 2024 மார்ச் 4 அன்று ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் நிறுவனம் புதிதாக நகைக்கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2023 மார்ச் 31 நிலவரப்படி நடத்திய ஆய்வில் கண்டவை என்று அறிக்கையிலேயே பட்டியல் இருந்தது. கடன் கொடுக்கும்போதும், தவணை தவறி ஏலம் விடும்போதும் தங்கத்தின் தரத்தையும் நிகர எடையையும் சோதித்துச் சான்றளிப்பதில் கடுமையான முரண்பாடுகள். நகை மதிப்புக்கு இத்தனை சதவீதம்தான் கடன் என்ற வரம்பு மீறல். சட்ட வரம்பைத் தாண்டி ரொக்கமாகக் கொடுத்ததும் வாங்கியதும். ஏல நடைமுறையைப் பின்பற்றாதது. வாடிக்கையாளர் கணக்கில் போட்ட கட்டணங்களில் வெளிப்படைத்தன்மை இல்லாதது.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலை எழுதியவருக்கு நகைக்கடை வாசனை தெரியும். எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்திருக்கிறார். தடையும் சாதாரணத் தடை அல்ல. செப்டம்பர் 19 வரை, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது. நகைக்கடன் கொடுக்கிற நிறுவனம் நகைக்கடன் கொடுக்கக் கூடாது என்றால் அபராதத்தைவிட வலிக்கும். லட்சக் கணக்கில் போடும் அபராதம் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வாரத்து டீச் செலவு. சிறப்புத் தணிக்கை நடத்தி, குறைகளைத் திருத்தியது உறுதியான பிறகே தடையை மறுபரிசீலனை செய்வோம் என்றார்கள். இதுவரை எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த அறிக்கையில் இல்லாதவற்றைப் பாருங்கள். எந்தக் கிளைகள் என்று இல்லை. எத்தனை கணக்குகள் என்று இல்லை. ஏலத்தில் எடை குறைத்து எழுதப்பட்டிருந்தால் அந்த வித்தியாசம் நகைக்காரருக்குத் திரும்புமா என்று இல்லை. தடைக்கு முன்பே ஏலம் போன நகையின் சொந்தக்காரர் அந்த அறிக்கையைப் படித்திருந்தால், தன் நகையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர் படித்திருக்கவும் மாட்டார். அது அவர் படிக்கிற மொழியில் வரவில்லை.

தனித்தனி வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி வாங்கித் தர ரிசர்வ் வங்கியால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த மாதமே செய்தார்கள். 2024 ஏப்ரல் 29 அன்று வட்டி பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. சில நிறுவனங்கள் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி போடாமல் கடன் அனுமதித்த நாளிலிருந்தே போட்டிருக்கின்றன. காசோலையில் தேதி எழுதிவிட்டுப் பல நாள் கழித்துக் கையில் கொடுத்து, எழுதிய தேதியிலிருந்து வட்டி போட்டிருக்கின்றன. மாத நடுவில் கட்டி முடித்தவரிடம் முழு மாத வட்டி வாங்கியிருக்கின்றன. ஆய்வில் இவை தெரிந்த இடங்களில் கூடுதலாக வாங்கிய வட்டியையும் கட்டணங்களையும் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நான் கேட்பதும். வட்டியில் ஏமாந்த 300 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்ல முடிகிற அதிகாரம், ஏலத்தில் காணாமல் போன 1.7 கிராமுக்கு ஏன் கூடாது?

வட்டி என்றதும் இன்னொன்று. 2022-இல் சிறுகடன் நிறுவனங்களுக்கான விதிகளைப் புதிதாக எழுதியபோது வட்டிக்கு உச்ச வரம்பை எடுத்துவிட்டார்கள். அநியாய வட்டி கூடாது என்று மட்டும் சொன்னார்கள். எவ்வளவு இருந்தால் அநியாயம்? எண் இல்லை. 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்காதே என்று நிறுத்தினார்கள். அதில் ஒன்றான ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்த நிறுவனங்களின் சராசரி வட்டியும், பணம் திரட்டும் செலவுக்கு மேல் வைத்த லாபமும் மிதமிஞ்சியவை என்று ரிசர்வ் வங்கி சொன்னது. டிசம்பர் தொடங்கி ஜனவரிக்குள் ஒவ்வொன்றாகத் தடை நீங்கியது. எந்தச் சதவீதத்தில் கோட்டைத் தாண்டினார்கள், எந்தச் சதவீதத்துக்கு இறங்கி வந்ததால் விட்டார்கள் என்பது அவர்களுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் தெரியும். வாரத் தவணை கட்டும் பெண்களுக்குத் தெரியாது. எண் வைக்காமல் விடுவதில் ஒரு நன்மை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 24 என்று எழுதினால் எல்லோரும் 23.9-இல் போய் நிற்பார்கள்.

மாநிலச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் என்று நம் ஊர் வழக்கையெல்லாம் பெயர் சொல்லி எழுதித் தடுத்தது. நன்றாக எழுதப்பட்ட சட்டம் என்று நினைக்கிறேன். ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்குக் கேரள, குஜராத் மாநிலங்களின் வட்டித் தொழில் சட்டங்கள் பொருந்தாது, அவர்களை ஆள ரிசர்வ் வங்கிச் சட்டமே போதும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்து நடக்கிற காரியம் இல்லை. எல்லாம் ரிசர்வ் வங்கி அந்த விதியை எப்படிப் படிக்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

அது படிக்கிற விதமும், அது படித்ததை வங்கிகள் படிக்கிற விதமும் எங்கள் பக்கம் என்ன செய்தன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். டெல்டாவில் நகைக்கடன் என்பது ஆடம்பரக் கடன் அல்ல, சாகுபடி முதல். நடவுக்கு நகையை வைப்பார்கள். அறுவடைப் பணம் கைக்கு வந்தால் மீட்பார்கள். மழையில் நெல் சாய்ந்த வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி நகைக்கடன் முறைகேடுகள் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளர் இல்லாதபோது நகையை மதிப்பிடுவது, ஏலத்தில் வெளிப்படையாக இல்லாதது, கடன் வரம்பைக் கண்காணிக்காதது, தவணை முடிந்ததும் கொஞ்சம் கட்ட வைத்துக் கடனை அப்படியே உருட்டிக்கொண்டு போவது என்று பட்டியல் போட்டது. மூன்று மாதத்துக்குள் உங்கள் நடைமுறைகளைச் சரிபாருங்கள் என்றது. எல்லாம் சரியான கண்டுபிடிப்புகள். வாராக் கடனை மறைக்க உருட்டுகிறவர்களைப் பிடிக்கத்தான் கடைசியது.

வங்கிகள் அதை எப்படிப் படித்தன? முதல் மூன்று குறைகளைத் திருத்தப் பணமும் ஆளும் வேண்டும். கடைசியதைத் திருத்த ஒரு அறிவிப்புப் பலகை போதும். அசலும் வட்டியும் முழுசாகக் கட்டு, நகையை மீட்டு எடு, மறுநாள் வந்து புதிதாக வை என்றார்கள். அசலைக் கையில் வைத்திருப்பவர் எதற்கு நகையை வைக்கிறார்? எங்கள் ஊரில் ஒரு வங்கி வாசலில், டீக்கடை பெஞ்சில் ஒருவர் பையோடு உட்கார ஆரம்பித்தார். ஒரு நாளைக்குப் பணம் தருவார். காலையில் கட்டி மீட்டு, மறுநாள் வைத்ததும் அவருக்குத் திருப்ப வேண்டும். லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆண்டுக் கணக்கில் போட்டால் 365 சதவீதம். 2003 சட்டம் பெயர் சொல்லித் தடுத்த நாள் வட்டி, ரிசர்வ் வங்கியின் விதியை அமல்படுத்திய வங்கியின் வாசலிலேயே நடந்தது. மேலாளருக்குத் தெரியாமல் இல்லை. பார்க்கப்போனால் அவருடைய கணக்கு அப்போதுதான் சுத்தமாக இருந்தது.

பிறகு 2025 ஏப்ரலில் நகைக்கடனுக்கான ரிசர்வ் வங்கியின் வரைவு விதிகள் வந்தன. மே மாதம் தமிழ்நாடு முழுக்கக் கூச்சல், முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம், சிறு கடன்காரர்களை விட்டுவிடுங்கள் என்று நிதி அமைச்சகமே ரிசர்வ் வங்கிக்கு யோசனை சொன்னது, எல்லாம் உங்கள் பக்கங்களில் வந்ததுதான். ஜூன் 6 அன்று இறுதி விதிகள் வந்தன. இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இதே தங்கத்துக்கு நிதி நிறுவனங்களிடம் 2012-இல் 60 சதவீதம்தான், 2014-இல் 75, கொரோனா காலத்தில் வங்கிகளுக்கு 90. தங்கம் மாறவில்லை. அதைப் பார்க்கிற கண் காலத்துக்குக் காலம் மாறுகிறது, அதில் தப்பில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒழுங்காக இருக்கும் கடன் என்றால், சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதாவது, எங்கள் வழக்கம் குற்றமல்ல. இந்த ஒரு வரியை 2024-லேயே எழுதியிருந்தால் டீக்கடை பெஞ்சுக்காரருக்கு வேலை இருந்திருக்காது.

அந்த இறுதி விதிகளில் நல்லவை நிறைய. நகையை மதிப்பிடும்போது உடைமைக்காரர் முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, தரம், கழிவு, நகையின் படம் எல்லாம் அடங்கிய சான்று தர வேண்டும். கடன் முடிந்தால் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய். ஏலத்தில் தொடக்க விலை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்றார்கள். பாருங்கள், நாளைக்கு 5,000 ரூபாய் யாருக்கு? வாடிக்கையாளருக்கு. அபராதம் ரிசர்வ் வங்கிக்குப் போகாமல் நஷ்டப்பட்டவர் கைக்குப் போகும் வழி அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஏலத்தில் எடை வித்தியாசத்துக்கும் அதே மாதிரி ஒரு வரி போட மனம் வர வேண்டும்.

கண்டுபிடித்ததை வெளியே சொல்வதில்தான் ரிசர்வ் வங்கிக்கு எப்போதும் தயக்கம். தகவல் உரிமைச் சட்டத்தில் வங்கிகளின் ஆய்வு அறிக்கையைக் கேட்டவர்களுக்கு, வங்கிகள் எங்களை நம்பித் தந்த தகவல், வெளியிட முடியாது என்று பல ஆண்டுகள் பதில் சொன்னது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி காக்க வேண்டியது பொதுமக்கள் நலனைத்தான், தனிப்பட்ட வங்கிகளின் நலனை அல்ல என்று சொன்னது. அதன் பிறகும் தகவல் மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அதே நீதிமன்றம் மறுபடி கண்டிக்க வேண்டிவந்தது. வங்கிகளும் சும்மா இருக்கவில்லை, தங்கள் பங்குக்கு நீதிமன்றம் ஏறின. இப்படி இழுபறியில் கிடக்கும் அறிக்கைகளில்தான் மாவு அரைக்கும் பெண்ணின் 1.7 கிராமும் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் நாளிதழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, கோபிக்கக் கூடாது. நிதி நிறுவனங்கள் நகையை ஏலம் விடுமுன் இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்களும் போடுகிறீர்கள். முழுப் பக்கத்துக்கு எறும்பு ஊர்வது போல் கணக்கு எண்கள். பேர் இல்லை, எடை இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தன் எண்ணைக் கண்டுபிடித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. விதி நிறைவேறிவிட்டது, ஆய்வாளர் வந்தால் காட்ட விளம்பர நறுக்கும் இருக்கிறது. கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் நிகர எடையையும் போட்டால்தான் விளம்பரம் வாங்குவோம் என்று நீங்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவுமில்லை. எடையிலும் ஏலத்திலும் குறை என்று ஆய்வில் தெரிந்தால், அந்த ஆய்வுக் காலத்தில் ஏலம் போன ஒவ்வொரு கணக்கிலும் அடகுச் சீட்டின் எடையையும் ஏல எடையையும் ஒப்பிட வெளி மதிப்பீட்டாளரை வைக்கச் சொல்லட்டும். வித்தியாசத்துக்கு நிறுவனம் காரணம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஏலத் தேதியின் விலையில் பணத்தை வட்டியோடு நகைக்காரர் கணக்கில் போட வேண்டும். இத்தனை பேருக்கு இவ்வளவு திருப்பித் தரப்பட்டது என்று ரிசர்வ் வங்கியின் அறிக்கையில் ஒரு வரி வர வேண்டும். அது கிளை வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, நகைக்கடன் ஆய்வுகளில் எடை வித்தியாசம் தெரிந்த கணக்குகளில் எத்தனை பேருக்குப் பணம் திரும்பியது என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் மாவட்டச் செய்திப் பக்கத்தில் போடுங்கள். நகையை வைக்கிறவர்கள் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
மன்னார்குடி.